ஜப்பான் எதிர்த்தும் தீர்மானம் நிறைவேறியது எப்படி?

கேள்வி: குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். பன்னாட்டுச் சங்கத்தில் (League of Nations, ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு) ஒரே ஒரு நாடு எதிர்த்தாலும் தீர்மானம் செல்லாது என்கிறது நான் விலைக்கு வாங்கிய நோட்ஸ். ஆனால் சீனாவின் மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்தது பற்றிய அறிக்கை, 1933இல் ஜப்பான் எதிர்த்தும் நிறைவேறியிருக்கிறது. நிறை, குறை எழுதச் சொன்னால் எதை எழுதுவது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. நோட்ஸ் பாதியைத்தான் சொல்கிறது. எல்லா நாடுகளின் சம்மதமும் வேண்டும் என்பது சங்க உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு வைத்த பொது விதி. புகார் எந்தப் பிரிவின்கீழ் வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும்.

1931 செப்டம்பரில் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்ததும் சீனா 11ஆம் பிரிவின்கீழ் முறையிட்டது. அதில் தகராறில் உள்ள நாட்டுக்கும் ஓட்டு உண்டு. படையைத் திரும்பப் பெறச் சொன்ன அக்டோபர் 24ஆம் தேதித் தீர்மானத்தை 13 நாடுகள் ஆதரித்தும், ஜப்பானின் ஓர் ஓட்டால் அது செல்லாமல் போனது. 1932 ஜனவரியில் சீனா 15ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. அங்கே தகராறுக்காரர்களின் ஓட்டு கணக்கில் சேராது. அதனால்தான் 1933 பிப்ரவரி 24 அன்று 42 நாடுகளின் ஆதரவோடு அறிக்கை நிறைவேறியது. ஜப்பான் எழுந்து வெளியேறியது, மஞ்சூரியாவை விடவில்லை.

ஆக, ஓட்டுமுறையை மட்டும் குறையாக எழுதாதீர்கள். முடிவை அமல்படுத்த ஆள் இல்லை என்பதே பெரிய குறை. 16ஆம் பிரிவின்படி சங்கம் படை அனுப்பப் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டளையிட முடியாது. 1935இல் அபிசீனியாவை (இன்றைய எத்தியோப்பியா) தாக்கிய இத்தாலிமீது பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோலியமும் நிலக்கரியும் அந்தப் பட்டியலில் இல்லை, சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. 1936 ஜூலையில் தடையே விலக்கப்பட்டது.

நிறைக்கு 1925ஐ எடுங்கள். பல்கேரியாவுக்குள் நுழைந்த கிரேக்கப் படை, சங்கம் சொன்னதும் சில நாட்களில் பின்வாங்கியது; கிரீஸ் 45,000 பவுண்டு இழப்பீடும் கொடுத்தது. பெரிய நாடுகள் ஒரே பக்கம் நின்றன, எதிரில் இருந்தது சிறிய நாடு. இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

‘உறுதியான மதிப்பெண்’ என்று மாதிரி விடை விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ‘அமெரிக்கா சேரவில்லை, சொந்தப் படை இல்லை’ என்ற இரண்டே வரியைத்தான் ஆண்டுதோறும் அட்டை மாற்றி விற்கிறார்கள். பாயிண்டை எண்ணி மதிப்பெண் போடும் பழக்கம் இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. உடன்படிக்கையில் இருப்பது மொத்தம் 26 பிரிவுகள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 5, 11, 15, 16 நான்கையும் நேரடியாகப் படியுங்கள், ஒரு மாலைப்பொழுது போதும்.