பில்லில் புது டிஸ்க், வண்டியில் பழைய டிஸ்க்

கேள்வி: என்னுடைய 2003 மாடல் ஜிப்சிக்குக் கோவையில் ஒரு பட்டறையில் முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றினேன். புது டிஸ்க் என்று பில் போட்டுப் பணம் வாங்கினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மலையிறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. பழைய டிஸ்க்கையே லேத்தில் கடைந்து மாட்டியிருப்பதாக உள்ளூர் மெக்கானிக் சொல்கிறார். பட்டறைக்காரர் மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் உதறலை மட்டும் நம்பிப் போடாதீர்கள். டிஸ்க் பொருந்தும் சக்கர மையமான ஹப்பில் துருவைச் சுரண்டாமல் மாட்டினால் புது டிஸ்க்கும் உதறும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் பலம் பில்லில் இருக்கிறது. புதியது என்று எழுதிப் பழையதை மாட்டியிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. நேர்மையற்ற வணிக முறையும்கூட.

அதற்குச் சாட்சி அந்த டிஸ்க்தான். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை அழுத்தும் பேட் உரசும் பகுதியைச் சுற்றிப் பல இடங்களில் தடிமனை மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மாத ஓட்டத்தில் டிஸ்க் மில்லிமீட்டர் கணக்கில் தேயாது. புது டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் தடிமனைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் பட்டறைக்காரர் என்ன விளக்கம் தருவார்? லேத் தொடாத நடுப்பகுதியில் ஆழப்பிடித்த துரு இருந்தால் அதையும் படமெடுங்கள். வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், தேதி, அளவுகள் எல்லாவற்றையும் எழுதி மெக்கானிக்கிடம் கையொப்பம் வாங்குங்கள். வாய்வார்த்தை நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது.

கழற்றுவதற்கு முன்பே பட்டறைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, இன்ன நாளில் கழற்றுகிறோம், வந்து பாருங்கள் என்று அழைத்துவிடுங்கள். கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக்கூடும்.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இந்த பிரேக்கோடு நீங்கள் வருவதை நினைத்தாலே பதறுகிறது. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவின்படி குற்றம். மெக்கானிக் சொன்ன பிறகு தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேடு போட்டு, அந்தச் செலவையும் இழப்பீட்டோடு சேர்த்துக் கேளுங்கள்.

பட்டறை கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள்.