வீடு தேடி வரும் தீர்மான நோட்டு

வணக்கம் அண்ணா,

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர் எங்களுடையது. ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். மகள் ஆறாம் வகுப்பு. கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. நான் நண்டு கம்பெனியில் சதை எடுக்கப் போகிறவள். பாதியில் கிளம்பினால் கூலி போச்சு. போகாவிட்டால் மறுநாள் நோட்டு வீட்டுக்கே வந்து கையெழுத்து கேட்கிறது. பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்மா" என்கிறார் தலைமையாசிரியர். இந்தக் குழுவால் என்ன பிரயோஜனம்?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

சில வருடங்களுக்கு முன் கடலோரப் பள்ளி ஒன்றில் இப்படியொரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். டீ வருவதற்கு முன்பே நோட்டில் 'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி முடித்திருந்தார்கள். எதைத் தீர்மானித்தோம் என்று நான் கேட்கவில்லை. டீயைக் குடித்தேன், கையெழுத்துப் போட்டேன், வந்துவிட்டேன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். ஆக, ஆள்பலம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தண்ணீர் இல்லை என்று இரண்டு முறை சொன்னீர்களே, அது நோட்டில் ஏறியதா? வாயால் சொன்னதற்கு "பார்க்கலாம்மா" போதும். தேதியோடு தீர்மானமாக எழுதிவிட்டால் யாராவது பதில் எழுதியாக வேண்டும். ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒரு நகல் ஊராட்சிக்கு. அப்புறம் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் அதையே சத்தமாக வாசியுங்கள். தலைமையாசிரியரோடு சண்டை வேண்டாம். எழுத்தில் இருந்தால் மேலே கேட்க அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

நேரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்பாமார் ஊரில் இருக்கிற அந்த நாட்களில் பெரும்பகுதி பள்ளிக்கே விடுமுறை. பள்ளி திறந்த சூட்டோடு படகும் கிளம்பிவிடும். மிச்ச மாதங்கள் முழுக்கத் தாய்மார் தலையில்தான். அவர்களோ நண்டு கம்பெனியில், கருவாட்டுக் களத்தில், இன்னும் தெற்கே போனால் பாசி எடுக்கக் கடலுக்குள். மூன்று மணியைக் குறித்தவருக்குக் கடற்கரை வேலை தெரியாது, அவ்வளவுதான். வேலை முடிந்தபின் கூட்டம் வையுங்கள் என்று கேட்பதும் ஒரு தீர்மானம்தான். நண்டு கம்பெனிக்குப் போகிற மற்ற உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்த முறை நோட்டு வீட்டுக்கு வந்தால் அவசரப்பட வேண்டாம். நீங்கள் போகாத கூட்டம் என்றால் 'வரவில்லை' என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். கை ஈரமாக இருந்தால் என்ன, மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.