கழுத்துத் தமனி அடைப்புக்கு எந்த ஸ்கேன்?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். சர்க்கரை நோயுள்ள என் அப்பாவுக்கு வயது 68. சென்ற வாரம் அவருடைய இடது கண் சில நிமிடங்கள் இருண்டு, பிறகு தெளிந்தது. கழுத்துக்கு அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்லி, மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதைவிடப் பணம் கட்டி எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லதா?

பதில்: எந்தக் கருவி என்பதைவிட அந்த மூன்று வாரம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒரு கண் மட்டும் திடீரென இருண்டு தெளிவது, கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து கண்ணின் ரத்தக்குழாயை அடைத்ததால் நேர்ந்திருக்கலாம். அடுத்த துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும், அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். ஆகவே டாக்டரின் கடிதத்தோடு அவரை இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அல்ட்ராசவுண்டில் தொடங்குவது சரியானதே. இதில் கதிர்வீச்சும் இல்லை, ஊசி மருந்தும் இல்லை. குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும் என்பதால், டாப்ளர் முறையில் அந்த வேகத்தை அளந்து அடைப்பை மதிப்பிடுகிறோம்; உச்ச வேகம் வினாடிக்கு 125 செ.மீ. தாண்டினால் 50 சதவீதத்துக்கும், 230 செ.மீ. தாண்டினால் 70 சதவீதத்துக்கும் குறையாத அடைப்பு என்பது பரவலாகக் கையாளப்படும் கணக்கு. ஆனால் எடுப்பவரின் திறமையைப் பொறுத்தே முடிவு அமையும். சுண்ணாம்பு படிந்த குழாயின் உட்புறம் சரியாகத் தெரியாது. ஏறக்குறைய மூடிவிட்ட குழாயில் வேகம் குறைந்துவிடுவதால், முழுவதும் மூடியதாகத் தவறாக எண்ணவும் இடமுண்டு. அடைப்பை நீக்கும் அறுவையை முழுவதும் மூடிய குழாயில் பொதுவாகச் செய்வதில்லை என்பதால் இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

அதனால்தான் அறுவைக்கு முன் இன்னொரு படம் கேட்பார்கள். சிடி ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் நெஞ்சிலிருந்து மூளை வரை குழாய்களை நொடிகளில் காட்டும். குழாய்கள் படத்தில் தெரிவதற்காக அயோடின் மருந்து செலுத்த வேண்டியிருப்பதால், சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத்தின் நிலை தெரிய வேண்டும். அதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட எம்.ஆர்.ஐ. கருவியில் குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோகிராமை மருந்தின்றியும் எடுக்கலாம். ஆனால் அது அடைப்பை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். தொடை வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் அரிதாகப் பக்கவாதத்தையே உண்டாக்கலாம் என்பதால், மற்றப் படங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போதுதான் அதை நாடுகிறோம்.

அறிகுறி கண்டவருக்கு 70 முதல் 99 சதவீத அடைப்பு இருந்தால் அறுவையால் பெரும் பலன் உண்டு, அதுவும் இரண்டு வாரத்துக்குள் செய்தால். ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் எப்போது தொடங்குவது என்று இன்றே கேளுங்கள். அதற்கிடையில் முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 10177 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை உடனே அழையுங்கள்.