அலுவலகக் கணினிகளில் உளவு நிரல்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஈரோட்டில் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். பதினான்கு கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி, வருமான வரி வேலைகள் எல்லாம் அவற்றில்தான் நடக்கின்றன. இரண்டு கணினிகளில் விளம்பரச் சாளரங்கள் தாமாகத் திறக்கின்றன. இன்னொன்றில் கடவுச்சொல் திருடும் உளவு நிரல் இருந்ததாகச் சொல்லி ஆன்டிவைரஸ் அதை அழித்தது. ஊழியர்கள் சிலர் படங்களும் விளையாட்டுகளும் தரவிறக்குகிறார்கள். இவற்றை எப்படித் தடுப்பது? ஊழியர்களுக்குத் தெரியாமல் அவர்களைக் கண்காணிக்கும் மென்பொருளைப் போடலாமா?

பதில்: உளவு நிரல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த ஒரு கணினியை முதலில் கவனியுங்கள். ஆன்டிவைரஸ் அழித்துவிட்டது என்பதால் அது சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடவுச்சொல் திருடும் நிரல்கள் உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கீகளையும் வந்த சில நிமிடங்களிலேயே வெளியே அனுப்பிவிடும். அழிக்கப்படுவதற்கு முன்பே அவற்றின் வேலை முடிந்திருக்கக்கூடும். ஆகவே அந்தக் கணினியின் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்து, தேவையான கோப்புகளை மட்டும் தனியே எடுத்து, விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். அதில் பயன்படுத்திய எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் திருடனின் கைக்கே போகும். மின்னஞ்சல் கணக்குகளில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். யாருடைய வங்கிக் கணக்கிலிருந்தாவது பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். வணிக, தொழில்முறை நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி நோயின் மூலத்துக்கு வருவோம். உங்கள் ஊழியர்கள் அனைவரும் நிர்வாகி உரிமை உள்ள கணக்கில்தான் வேலை செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். கணினி விற்றவர் முதன்முதலில் உருவாக்கித் தரும் கணக்கு நிர்வாகிக் கணக்காகவே இருக்கும். சிறிய அலுவலகங்களில் பெரும்பாலும் அதையே எல்லோரும் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள். நிர்வாகியாக இருப்பவர் எதை இயக்கினாலும், அது கேட்கும் அனுமதிக்கு ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால், அந்த நிரல் ஆன்டிவைரஸை நிறுத்தலாம், கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கும்படி வேரூன்றலாம். விளையாட்டைத் தரவிறக்கும் ஊழியரும் அந்த விளையாட்டோடு ஒட்டிவரும் உளவு நிரலும் ஒரே உரிமையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதனால் உங்களுடைய இரண்டு பிரச்சினைகளுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைக் கொடுங்கள், நிர்வாகிக் கணக்கை உங்களிடமும் நம்பகமான இன்னொருவரிடமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பதினான்கு கணினிகளுக்கும் ஒரே நிர்வாகிக் கடவுச்சொல்லை வைக்காதீர்கள்.

இதைச் செய்த மறுநாளே ‘டேலி (கணக்கு மென்பொருள்) திறக்கவில்லை’, ‘டிஜிட்டல் கையொப்பம் வேலை செய்யவில்லை’ என்று புகார்கள் வரும். பல அலுவலகங்கள் அந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. தரவு இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி இல்லாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அந்தக் கோப்புறைக்கு மட்டும், அதில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் எழுதும் அனுமதியைக் கொடுத்தால் போதும். நெட்வொர்க்கில் பகிர்ந்திருக்கும் டேலி கோப்புறையை ‘எவரும்’ என்ற பெயருக்கு முழு உரிமையோடு திறந்து வைத்திருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பாருங்கள்; அப்படி இருந்தால், ஏதோ ஒரு கணினியில் புகுந்த பணயநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) மற்ற எல்லோருடைய கணக்குக் கோப்புகளையும் பூட்டிவிட முடியும்.

சாதாரணக் கணக்கும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. சில நிரல்கள் நிர்வாகி அனுமதி கேட்காமல் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே தம்மை நிறுவிக்கொள்ளும். அந்தப் பயனர் தட்டச்சு செய்வதை அங்கிருந்தே படிக்கவும் அவற்றால் முடியும். இதற்கு விண்டோஸ் ப்ரோ பதிப்பில் ஆப்லாக்கர் என்ற வசதி இருக்கிறது. அதன் இயல்பான விதிகளை இயக்கிவிட்டால், விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய கோப்புறைகளில் நிர்வாகி நிறுவியவை மட்டுமே ஊழியர்களின் கணக்கில் ஓடும். டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் பென் டிரைவிலும் கிடப்பவை ஓடாது. முதல் சில வாரங்களுக்குத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் அதை வைத்து, எவையெல்லாம் சிக்குகின்றன என்று பார்த்துவிட்டு முழுமையாக இயக்குவது நல்லது. ஹோம் பதிப்பில் இத்தகைய கட்டுப்பாடுகளை, அதாவது குழுக் கொள்கைகளை, அமைக்கும் கருவியே இல்லை என்பதால், அலுவலகத்துக்கு ப்ரோ பதிப்பு வாங்கும் செலவு வீண் செலவாகாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் கணினிகள் இருந்தால் அவற்றை மாற்றும் திட்டத்தையும் இதோடு சேர்த்தே போடுங்கள்.

விளம்பரச் சாளரங்கள் திறக்கும் அந்த இரண்டு கணினிகளில் உலாவியைப் பாருங்கள். ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ என்று கேட்டபோது யாரோ சம்மதித்திருப்பார்கள், அல்லது பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொல்லும் உலாவி நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) ஒன்றை நிறுவியிருப்பார்கள். அறிவிப்பு அனுமதிகளையும் அறிமுகமற்ற நீட்டிப்புகளையும் நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன்பின், நீங்கள் ஒப்புக்கொண்ட நீட்டிப்புகளைத் தவிர வேறெதையும் சேர்க்க முடியாதபடி குரோமின் கொள்கை அமைப்பில் தடை போடலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது, அதையும் இயக்குங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ் (தளங்களின் பெயரைக் கொண்டு அவற்றின் இணைய முகவரியைக் கண்டுபிடிக்கும் சேவை) முகவரியாக 9.9.9.9 என்று கொடுத்தால், தீங்கானவை என்று ஏற்கெனவே அறியப்பட்ட தளங்கள் அலுவலகம் முழுவதற்கும் திறக்காது.

தணிக்கை அலுவலகம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரின் டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையொப்பம் உள்ள யுஎஸ்பி சாதனம்) காலையில் செருகினால் மாலைவரை கணினியிலேயே விட்டுவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தட்டச்சைப் பதிவு செய்யும் நிரல் அந்த டோக்கனின் ரகசிய எண்ணைப் (PIN) படித்துவிட்டால், தொலைவிலிருந்து அந்தக் கணினியைக் கைப்பற்றியவர் உங்கள் வாடிக்கையாளரின் பெயரில் கையெழுத்திட முடியும். ஒப்பமிட்ட மறுநிமிடமே டோக்கனைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். தொலைவிலிருந்து பழுது பார்ப்பதற்காக நிறுவிய எனிடெஸ்க் போன்றவற்றில் நிரந்தரக் கடவுச்சொல் வைத்திருந்தால் இன்றே நீக்குங்கள். திருட்டு மென்பொருளும் விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் கருவிகளும் ஒரு கணினியில்கூட இருக்கக் கூடாது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இயக்கும்படி அவை கேட்பதே உளவு நிரலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

ஊழியர்களுக்குத் தெரியாமல் கண்காணிக்கும் மென்பொருள் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. திரையைப் படமெடுத்து, தட்டச்சைப் பதிவு செய்து வேறெங்கோ உள்ள சர்வருக்கு அனுப்பும் நிரல், நீங்கள் விரட்ட முயலும் உளவு நிரல் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது; உங்கள் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களும் அதில் பதிவாகும், அந்தச் சர்வர் உடைந்தால் எல்லாமே வெளியேறும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கும் நாட்டில், ஊழியரின் வங்கி விவரத்தையோ மருத்துவச் சீட்டையோ ரகசியமாகப் படித்துவிட்ட முதலாளியின் நிலை சட்டத்தின் முன்னும் சங்கடமானது. உங்களுக்குத் தேவையான அளவு பதிவுகள் வேறு வழியில் கிடைக்கும்: யார் எப்போது உள்நுழைந்தார் என்பதை விண்டோஸும், எந்தக் கணினி எந்தத் தளத்துக்குப் போனது என்பதை ஃபயர்வால் உள்ள ரவுட்டரும் குறித்து வைக்கும். இந்தப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கும்படி முன்சொன்ன செர்ட்-இன் உத்தரவும் கேட்கிறது. என்னென்ன பதிவாகிறது, யார் பார்ப்பார், எவை அனுமதிக்கப்படாதவை என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

மதிய இடைவேளையில் படம் பார்ப்பதை முற்றாகத் தடுக்கவும் வேண்டியதில்லை. ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் தனியாக இயக்கி, அலுவலக நெட்வொர்க்கை அதிலிருந்து அணுக முடியாதபடி அமைத்து, ஊழியர்களின் கைபேசிகளுக்கு அதன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுங்கள்.