ஓய்வுபெற்ற டென்மார்க் கால்பந்து நடுகள ஆட்டக்காரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

கிம் வில்ஃபோர்ட்.

மைக்கேல் லாட்ரூப் பெயரைத்தான் பெரும்பாலானோர் சொல்வார்கள். பந்து காலில் இருக்கும்போது அவருக்கு ஈடாக டென்மார்க்கில் இன்னொருவர் வரவில்லை, அதில் மறுபேச்சே கிடையாது. ஆனாலும் என் ஓட்டு வில்ஃபோர்ட்டுக்குத்தான்.

1992 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துப் போட்டியில், யுகோஸ்லாவியா போர் காரணமாக நீக்கப்பட்டு, கடைசி நேரத்தில் டென்மார்க் உள்ளே வந்த கதை தெரிந்திருக்கும். அப்போது வில்ஃபோர்ட்டின் சின்ன மகளுக்கு ரத்தப் புற்றுநோய். உடல்நிலை மோசமானதும் முகாமை விட்டு மகளிடம் போய்விட்டார். பிரான்ஸுடனான ஆட்டத்தில் அவர் இல்லை. குடும்பமே திரும்பிப் போய் ஆடச் சொன்னது. நெதர்லாந்துடனான அரையிறுதி 2-2 என முடிந்து பெனால்டிக்குப் போனபோது, டென்மார்க்கின் நான்காவது பெனால்டியை அடிக்க வந்தவர் அவர்தான். உள்ளே போனது.

இறுதிப் போட்டி, ஸ்வீடனில் யோத்தபோரி நகரின் உல்லெவி மைதானம், எதிரே உலக சாம்பியன் ஜெர்மனி. ஜான் யென்சன் போட்ட கோலால் டென்மார்க் முன்னிலை. 78ஆவது நிமிடம் தலையால் தட்டிவிட்ட பந்து வில்ஃபோர்ட்டிடம் வருகிறது. கையில் பட்டது என்று ஜெர்மன் வீரர்கள் முறையிட்டார்கள், நடுவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு நடுவே உள்ளே வெட்டித் திரும்பி, இடது காலால் தரையோடு ஓர் அடி. கம்பத்தின் உட்புறம் உரசி வலைக்குள் போகிறது. 2-0, கோப்பை டென்மார்க்குக்கு. சில வாரங்களில் மகள் இறந்துபோனாள்.

எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். அதற்கு முந்தைய ஆண்டே அவர் டென்மார்க்கின் சிறந்த ஆட்டக்காரர். அந்த 1990-91 பருவத்தில் அவர் ஆடிய டென்மார்க் கிளப்பான பிரென்பி, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பையில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டை 5-0, லெவர்குசனை 3-0 என்று வீழ்த்தி அரையிறுதி வரை போனது. ரோமாவிடம் தோற்றதும் கடைசி நிமிடங்களில் வாங்கிய ஒரு கோலால்தான்! ஒரு பெனால்டி பாக்ஸிலிருந்து இன்னொன்று வரை சளைக்காமல் ஓடுகிற உயரமான மனிதர். தடுப்பார், தலையால் முட்டுவார், சரியான நேரத்தில் முன்னால் வந்து நிற்பார். இந்த வகை உழைப்பு ஹைலைட்ஸில் தெரியாது, முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும்.

யூரோ முடிந்ததும் யென்சன் ஆர்சனலுக்குப் போனார். வில்ஃபோர்ட் பிரென்பியிலேயே இருந்தார். இளம் வயதில் பிரான்ஸின் லீல் அணியில் ஆடிய ஒரு பருவத்தோடு வெளிநாட்டு வாழ்க்கை முடிந்தது. 1986 முதல் 1998 வரை ஒரே கிளப், ஏழு லீக் பட்டங்கள். தேசிய அணிக்கு 77 ஆட்டங்கள், 14 கோல்கள். ஓய்வுக்குப் பிறகும் அதே கிளப்பில்தான் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் வேலையைப் பார்த்தார்.