சிரிஞ்சு வார்ப்பில் பிளாஸ்டிக் வீணாவதைக் குறைப்பது எப்படி?

“சிரிஞ்சு, குழாய் இணைப்பான் எல்லாம் வார்க்கிறோம். கழிவு அதிகம். மெஷினை மாற்றாமல் குறைக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். முதலில் கழிவை வகை வகையாகப் பிரித்து, ஷிப்டு வாரியாக எடை போடுங்கள். எல்லாம் ஒரே மூட்டைக்குள் போனால் எங்கே ஓட்டை என்று கடைசிவரை தெரியாது.

பெரும்பாலும் கனமான மூட்டை ரன்னர்தான். அச்சுக்குள் பிளாஸ்டிக் ஓடிய வழி மரக்கிளை மாதிரி உறைந்து வெளியே வரும். பக்கெட் செய்பவர் அதை அரைத்து மறுபடி போடுவார். உடலுக்குள் மருந்து செலுத்தும் பொருளில் அப்படிச் செய்யக்கூடாது என்பதே என் கருத்து. மறுபடி உருகும்போது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளான பாலிமர் சங்கிலி அறுபடும், தூசியும் சேரும். ஹாட் ரன்னர் அச்சில் அந்த வழி உருகிய நிலையிலேயே இருப்பதால் கிளையே வராது. விலை அதிகம், அடுத்த அச்சு வாங்கும்போது யோசியுங்கள்.

உடனே செய்யக்கூடியது, உலர்த்தல். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் மணிகளை 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்த வேண்டும். அப்புறம் மெஷினுக்குள் மணிகளைக் கொட்டும் ஹாப்பரின் மூடி திறந்தே கிடந்தால் மணிகள் மறுபடி ஈரம் இழுக்கும். துண்டின் மேல் வெள்ளிக் கோடுகள் தெரியும். அத்தனையும் குப்பைக்குத்தான். மூடியைப் பூட்டுங்கள்.

ஆனால் வெப்பம், அழுத்தத்தை வேலிடேஷனில், அதாவது தயாரிப்பு முறை சரிதான் என்று நிரூபிக்கும் சோதனையில், உறுதி செய்த எல்லைக்கு வெளியே இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 தர முறைப்படி மறு வேலிடேஷன் தேவைப்படும்.