வானம் தோண்டுவதிலிருந்து தளம் வரை: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 22 வருஷமாக வீடு கட்டும் சைட் பார்க்கிறேன். மனை சுத்தம் செய்வதில் தொடங்கி, வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, தளம் (கூரை) கான்கிரீட் போடுவது வரைதான் என் எல்லை. டைல்ஸ், பெயின்ட், வாஸ்து எல்லாம் வேறு ஆளிடம். கேட்டவரின் ஊரைப் போட்டு, கீழே என் பதில்.

மேலூர்: சார், நாளை மறுநாள் மார்க்கிங். கூட நின்று எதைப் பார்க்க வேண்டும்?

மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். 30க்கு 40 மனை என்றால் இரண்டு பக்கமும் சரியாக 50 அடி வரவேண்டும். ஒரு பக்கம் 50, இன்னொரு பக்கம் 50 அடி 4 அங்குலம் என்றால் மனை கோணல். அறைகளுக்கு நூல் கட்டும்போது மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்தால் குறுக்கே 10 அடி வரும். வராவிட்டால் அன்று வானம் தோண்ட விடாதீர்கள். என் முதல் சைட்டில் மேஸ்திரி கண்ணை நம்பி இதை விட்டுவிட்டேன். டைல்ஸ் ஒட்ட வந்தவர் ஹாலின் ஒரு ஓரத்தில் ஆப்பு மாதிரி வெட்டிவெட்டி வைத்தபோதுதான் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தரையைத்தான் முதலில் பார்ப்பார்.

திண்டுக்கல்: சதுர அடிக்கு என்ன ரேட் சார்?

மண், பிளான், ஊர் மூன்றும் தெரியாமல் ரேட் சொல்கிறவரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள்.

அருப்புக்கோட்டை: அண்ணாச்சி, எங்க மனை கரிசல். பக்கத்து வீட்டுக்கு அஞ்சு அடி வானம் தோண்டி பில்லர் போட்டாங்க, ரெண்டே வருஷத்துல சுவர் பூரா கீறல். நான் ஏழு அடி தோண்டினால் போதுமா?

அடி கணக்கை விடுங்கள், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண், மழையில் அதே அளவுக்கு உப்பும். வருஷா வருஷம் வீட்டைத் தூக்கி இறக்கும். பாரமான வீட்டைவிட பாரம் குறைந்த வீட்டைத்தான் அது சுலபமாகத் தூக்கும்.

முதலில் ஒரு சோதனைக் குழி வெட்டுங்கள். நாலைந்து அடியில் சுக்கான் பாறை தட்டினால் அதிர்ஷ்டம்; கரிசலைத் தாண்டி அதன்மேல் ஃபூட்டிங்கை (பில்லரின் அகலமான அடிப்பாகம்) உட்கார வையுங்கள். பத்தடிக்கும் கரிசல்தான் என்றால் அண்டர் ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் அடி அகன்ற கான்கிரீட் தூண். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. சுமார் 3.5 மீட்டர் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்துவார்கள். தண்டைப்போல் இரண்டரை மடங்கு விட்டம். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் அந்தக் குடம் பிடித்துக்கொள்ளும். மேலே வரும் பீம் மண்ணைத் தொடக்கூடாது, இடைவெளி வேண்டும். இதைச் செய்யாமல் பைலுக்குப் பணம் கொட்டியும் பலன் கிடையாது.

இன்னொன்று: தோண்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் (வீட்டுத் தரைக்கு அடியில் நிரப்பும் இடம்) தள்ளுவார்கள். அனுமதிக்காதீர்கள். கிராவல் (சரளை மண்) வாங்கி, அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டை போட்டு இடித்து இறுக்க வேண்டும்.

தேனி: எம்-சாண்டா, ஆற்று மணலா?

கான்கிரீட்டுக்கு நல்ல எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) தாராளமாகப் போடலாம். தூசி அதிகமானால் கலவை இறுகும், மேஸ்திரி உடனே தண்ணீர் கேட்பார். அங்கேதான் வீடு கெடுகிறது. 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர்தான், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். ஆனால் மிக்சர் பக்கத்தில் 20 லிட்டர் பெயின்ட் டப்பாவோடு ஒருவர் நிற்பார். "ஓடலப்பா, இன்னும் அரை டப்பா ஊத்து" என்று மேலேயிருந்து குரல் வரும். கலவை ஓட வேண்டுமென்றால் வைப்ரேட்டர் (கலவையை அதிரவைத்து இறக்கும் கருவி) போடுங்கள். அதிகப்படி தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும்.

சிவகங்கை: பிளான் அப்ரூவல் எப்படி?

2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை (விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே உறுதி கொடுத்து அனுமதி வாங்குவது) இருக்கிறது. மற்றதை லைசென்ஸ் உள்ள இன்ஜினியரிடம் கேளுங்கள்.

காரைக்குடி: தம்பி, நான் 40 வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன். நான் கட்டின எந்த வீட்டிலும் பில்லர் கிடையாது. எதுவும் விழவில்லை. இப்போது ரெண்டு ரூம் வீட்டுக்குக்கூட பன்னிரண்டு பில்லர் எதற்கு?

ஐயா, பாதி உங்கள் பக்கம். கெட்டி மண், தரைத்தளம் மட்டும், 9 அங்குலச் சுவர், சின்ன அறைகள் என்றால் பில்லர் தேவையில்லை. தரைமட்டத்தில் பிளிந்த் பீமும், கதவு ஜன்னலுக்கு மேலே சுற்றிவர விடாமல் ஓடும் லிண்டல் பெல்ட்டும் போதும். ஆனால் இப்போது 16 அடி ஹால் கேட்கிறார்கள், உள்சுவர் நாலரை அங்குலம், மாடிச்சுவர் கீழ்ச்சுவருக்கு மேலே வருவதில்லை. அந்தப் பாரத்தை வேறு எதில் இறக்குவது?

திருச்சி: எங்கள் மேஸ்திரி முதலில் சுவரைக் கட்டிவிட்டு, நடுவில் விட்ட இடத்தில் கம்பி நிறுத்தி கான்கிரீட் போடுகிறார். இதுவும் பில்லர் வீடுதானே?

இல்லவே இல்லை. பில்லர், பீம், தளம் மூன்றும் சேர்ந்த எலும்புக்கூடு பாரம் தாங்க வேண்டும். சுவர் வெறும் அடைப்பு. உங்கள் மேஸ்திரி பலகைச் செலவை மிச்சம் பிடிக்கிறார்.

கோவை, சிவில் மாணவி: சார், சுவரை முதலில் கட்டுவதே தப்பு என்று சொல்ல முடியாது. ஐஐடி காந்திநகர் வளாகத்தில் கன்ஃபைன்டு மேசன்ரி முறையில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

சரிதான் அம்மா, அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அங்கே சுவர்தான் பாரம் தாங்குகிறது. அதற்கென்றே டிசைன் செய்தது. சுவர் ஓரத்தில் செங்கல்லைப் பல் விட்டு நிறுத்துவார்கள், கான்கிரீட் அந்தப் பல்லைக் கவ்விக்கொள்ளும். திருச்சிக்காரர் வீட்டில் டிராயிங் பில்லர் வீட்டுக்கு, வேலை வேறு வரிசையில். இரண்டுங்கெட்டான்.

காரைக்குடி: பல் விட்டுக் கட்டுவது எங்களுக்குப் புதுசா தம்பி?

புதுசில்லை ஐயா. பல்லுக்குள் கம்பி நிறுத்தி, கீழும் மேலும் பீமோடு பின்னினீர்களா?

காரைக்குடி: கம்பி இல்லை. ஆனால் கலவையில் தண்ணீர் அளவோடுதான் விடுவோம்.

அந்த ஒரு வரிக்கே உங்களுக்கு முழு மார்க்.

பரமக்குடி: தளம் போட்டு எத்தனை நாளில் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கலாம்?

4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது, ஓ.பி.சி. (சாதாரண) சிமென்ட்டுக்கு. கடையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்தது), அது பலம் பிடிக்க நாளாகும். நான் தளத்துக்கு 14, பீமுக்கு 21 விடுகிறேன். 14 நாளும் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கட்டும். கலக்கும்போது கஞ்சம், போட்ட பிறகு தாராளம். நம் ஊரில் இது தலைகீழ்.

ராஜபாளையம்: ரூஃப் சென்ட்ரிங் எப்போ பிரிக்கணும்?

மேலே.

தேவகோட்டை: கம்பி எடை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

12 எம்.எம். கம்பி, 12 மீட்டர் நீளம், 10.66 கிலோ. லாரி நிற்கும்போதே ஒன்றை எடுத்துத் தராசில் போடுங்கள். பத்து கிலோவுக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்புங்கள்.

உசிலம்பட்டி: பில்லர் சென்ட்ரிங் எத்தனை நாள் சார்?

பக்கப் பலகை மறுநாளே எடுக்கலாம். எடுத்த கையோடு ஈரச்சாக்கு சுற்றுங்கள். சென்ட்ரிங் பற்றி இனி யாரும் கேட்கக் கூடாது.

நத்தம்: சதுர அடி ரேட்?

திண்டுக்கல்காரரோடு பேசிக்கொள்ளுங்கள்.

மானாமதுரை: அண்ணே, நாளைக்குக் காலை ஆறு மணிக்கு ரூஃப். கை கால் ஓடலை. எதைப் பார்க்கணும்?

கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) 20 எம்.எம். இருக்கிறதா, உடைந்த ஜல்லியை வைத்து ஏமாற்றியிருக்கிறார்களா என்று இன்று ராத்திரியே டார்ச் அடித்துப் பாருங்கள். பால்கனி, சன்ஷேடு மாதிரி வெளியே நீட்டுவதில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அதை மிதித்து மிதித்தே கீழே இறக்கிவிடுவார்கள். இறங்கினால் அந்த நீட்டல் என்றைக்காவது விழும். ஆள் நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். வைப்ரேட்டரைக் காலையிலேயே ஓட்டிப் பாருங்கள், கான்கிரீட் கொட்டிய பிறகு இல்லை. ஃபேன் பாக்ஸ், பைப் எல்லாம் எலக்ட்ரீஷியன் வந்து சரி சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.

அப்புறம், மேலே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள் தம்பி. சேர் போட்டு மிக்சர் பக்கத்தில் உட்காருங்கள், அந்த பெயின்ட் டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். எனக்கும் நாளைக்கு ஒரு ரூஃப், கிளம்புகிறேன்.